சூலியா தெருவில் நான் சர்வர் ஆன மதியம்

அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, சூலியா தெருவுக்குப் போயி மதியச் சாப்பாடு கட்டிக்கிட்டு வர்றது.

நான் திருநெல்வேலிக்காரன். பினாங்குல எம்.எஸ்சி. படிக்கிறேன். காலையிலதான் யூனிவர்சிட்டியில வெளிநாட்டு மாணவர் ஆபீஸுக்குப் போயி, பார்ட் டைம் வேலை செய்யலாமான்னு கேட்டுட்டு வந்திருந்தேன்.

அங்க இருக்கிற கோமதி அக்கா இந்த ஊர்க்காரங்க. பொறுமையா சொன்னாங்க.

"செமஸ்டர் நடக்கும்போது முடியாதுலா தம்பி. ஏழு நாளுக்கு மேல லீவு விட்டாதான். அதுக்கும் இமிகிரேசன் அனுமதி வேணும். வாரத்துக்கு இருபது மணி நேரம்தான்."

"எங்க வேணாலும் சேரலாமாக்கா?"

"சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் ஸ்டேசன், மினி மார்க்கெட், ஹோட்டல், அவ்வளவுதான். கல்லாவுல உட்காரக் கூடாது."

"சம்பளம் வாங்காம சும்மா ஒரு உதவி பண்ணா?"

"புடிச்சா ஸ்டூடன்ட் பாஸ் கேன்சல். அப்புறம் திருநெல்வேலியில போயி உதவி பண்ணு."

இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் சூலியா தெரு சாப்பாட்டுக் கடைக்குள்ள நுழைஞ்சேன். சரியான கூட்டம். பார்சல் சொல்லிட்டு ஒரு ஓரமா நின்னேன்.

நின்ன அப்புறம்தான் கவனிச்சேன். நான் போட்டிருந்தது மெரூன் டி-சர்ட். கடையில வேலை செய்யறவங்க எல்லாரும் மெரூன் டி-சர்ட்.

பக்கத்து மேசையில ஒரு அக்கா, வீட்டுக்காரரோட உட்கார்ந்திருந்தாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் பிறைங்கிற ஊர்ல இருந்து வந்தவங்களாம். "தம்பி, ரெண்டு ரொட்டி"ன்னாங்க.

"நான் கடை ஆள் இல்லக்கா"ன்னு சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவங்க முகத்துல இருந்த பசியைப் பார்த்துட்டு, உள்ள திரும்பி, "ரெண்டு ரொட்டி"ன்னு கத்திட்டேன்.

அதுதான் நான் பண்ண தப்பு. கத்துறவன் சர்வர்னு கடையே முடிவு பண்ணிடுச்சு.

ஒருத்தர் "ஐஸ் கோசோங்"ன்னாரு, பக்கத்துல அர்த்தம் கேட்டுக் கொண்டுபோய் வச்சேன். ஒருத்தர் மேசையைத் துடைக்கச் சொன்னாரு. கல்லாவுல இருந்த பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கல. ரெண்டு கிளாஸை என் பக்கம் தள்ளி, "அந்த மூலை மேசை"ன்னாரு. கொண்டுபோய் வச்சேன்.

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. எம்.எஸ்சி.யில இந்த அளவுக்கு யாரும் என்னை நம்பினது இல்ல.

அப்பதான் வாசல்ல ரெண்டு பேரு வந்து நின்னாங்க. யூனிபார்ம், தொப்பி, இடுப்புல வாக்கிடாக்கி.

இமிகிரேசன்காரங்கன்னே நினைச்சுட்டேன். கையில இருந்த ரொட்டித் தட்டோட பிறை அக்கா மேசையில போயி உட்கார்ந்தேன். என்ன பண்றதுன்னு தெரியாம ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டேன்.

"தம்பி, அது என் ரொட்டி"ன்னாங்க அக்கா.

"அக்கா, தயவு செஞ்சு என்னை உங்க தம்பின்னு சொல்லுங்க."

"தம்பின்னுதானே கூப்பிடுறேன்."

அந்த ரெண்டு பேரும் நேரா எங்ககிட்டயே வந்தாங்க. மீசை வச்சவரு என்னைப் பார்த்து மலாய்ல என்னவோ கேட்டாரு. எனக்கு மலாய் வராது. எழுந்து நின்னு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல எல்லாத்தையும் ஒப்பிச்சேன். நான் மாணவன், செமஸ்டர் நடக்குது, எனக்கு அனுமதி இல்ல, அதனால வேலை செய்யல, சம்பளம் வாங்கல, கல்லா பக்கமே போகல. கடைசியா, எங்க அம்மாவுக்கு நான் ஒரே பையன்.

 அவரு அக்கா பக்கம் திரும்பி மறுபடி கேட்டாரு.

அக்கா எனக்கு மொழிபெயர்த்தாங்க. "மீன் கறி இருக்கான்னு கேக்குறாரு தம்பி."

"இமிகிரேசன் இல்லியா?"

"இவங்க பார்க்கிங் அபராதச் சம்மன் எழுதுறவங்கலா. சாப்பிட வந்திருக்காங்க."

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அக்கா வீட்டுக்காரருக்கு அந்த நிமிசம் உசுரு போச்சு. "காடிய நோ பார்க்கிங் மஞ்சக் கோட்டுல விட்டிருக்கேன்"னு முணுமுணுத்துக்கிட்டே, கார் சாவியை எடுத்துக்கிட்டு வெளியில ஓடினாரு. மீசைக்காரர் அவரு போறதைப் பார்த்துச் சிரிச்சாரே தவிர, பின்னாடி போகல. பசி போல.

நான் அக்காவுக்கு வேற ரொட்டி வாங்கிக் குடுத்துட்டு, பார்சலைக்கூட மறந்துட்டு ரூமுக்கு வந்து சேர்ந்தேன்.

செமஸ்டர் முடிஞ்சுது. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. கோமதி அக்கா மூலமா விண்ணப்பம் போட்டு, இமிகிரேசனுக்குப் போயி, காத்திருந்து, அனுமதி வாங்கினேன். நேரா அதே கடைக்குப் போயி பாய் முன்னாடி நின்னேன்.

"பாய், வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்ய அனுமதி வாங்கிட்டேன்."

பாய் கண்ணாடியைத் தூக்கி என்னை நல்லாப் பார்த்தாரு.

"அன்னிக்கு ஐஸ் கோசோங் கேட்ட ஆளுக்குத் தண்ணியே இல்லாம கிளாஸ் நிறைய ஐஸ் மட்டும் கொண்டுபோய் வச்சது நீதானே?"

"கோசோங்னா வெறும்னு அர்த்தம்னு சொன்னாங்க, பாய்."

"வெறும் ஐஸ் தண்ணிடா அது. அந்த மனுசன் மரியாதைக்கு உட்கார்ந்து பாதி கிளாஸ் கடிச்சுத் தின்னுட்டுப் போனாரு."

சட்டம் எனக்கு இருபது மணி நேரம் குடுத்துச்சு, பாய் ஒரு நிமிசம்கூடக் குடுக்கல.