ஐந்தாவது ராக்

ஸ்டியரிங்கை நாலு சுற்றுச் சுற்றிய பிறகுதான், திரும்பலாமா வேண்டாமா என்று கார் யோசிக்கவே ஆரம்பித்தது. அதற்குள் தெருமுனை தாண்டிப் போய்விட்டது. பிழைதிருத்துபவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், உதிரிகளாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார் ஒன்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவர் வீட்டைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். துணி மடிக்கிற விதம், பால் காய்ச்சுகிற விதம், மனைவி தங்கையோடு போனில் பேசுகிற விதம், ஒன்றையும் விடவில்லை. அந்த நல்ல வேலை பாதியில் நின்றுபோயிற்று. நாலு வருடமாக இவர் ஷெட்டே கதி என்று கிடக்க, அவள் தனியாகச் சாப்பிட்டுத் தனியாக டிவி பார்க்கிறாள். நினைத்தாலே அவருக்குப் பாவமாக இருந்தது.

"முப்பதாம் தேதி வண்டியைப் பதிவு பண்றதுக்கு இன்ஸ்பெக்டர் பார்க்க வர்றார். இந்தத் தடவையும் தவறினா விண்ணப்பமே ரத்து. பாஸாயிட்டா ஷெட்டைப் பூட்டிடறேன். அப்புறம் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உன் பக்கத்துலதான்," என்றார்.

மனைவி டீயை வைத்தாள். "அதுக்கென்னங்க அவசரம். ஸ்டியரிங் விஷயம், நிதானமாப் பண்ணுங்க."

என்ன பொறுமை இவளுக்கு என்று அவர் உருகிப்போனார்.

கோளாறு ராக்கில்தான். ஸ்டியரிங் திரும்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிற, பல் வைத்த இரும்புத் தண்டு அது. உதிரிபாகக் கடைக்காரர் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேனுக்குப் போடற ராக் சார்."

"நீங்கதானே குடுத்தீங்க?"

"அப்ப அது சரியாத்தான் தெரிஞ்சுது. இப்ப ரெண்டே சுத்துல திரும்பற ராக் தர்றேன். தொட்டாப் போதும்."

தொட்டால் மட்டுமல்ல, தொங்கினாலும் அது திரும்பவில்லை. வேகமாகத் திரும்புகிற ராக் என்றால் ஸ்டியரிங்கைச் சுற்றக் கனமாக இருக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார். தோள்பட்டை பிடித்துக்கொண்டதில் பிழைதிருத்துபவர் மூன்று நாள் வீட்டுக்குள் படுத்திருந்தார். படுத்தபடியே, சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கவைத்தார். நாலாம் நாள் காலையில் மனைவியே போய் ஷெட்டைத் திறந்துவைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் நீளமான ராக் போட்டுப் பாருங்க, லேசாயிடும்," என்றார் கடைக்காரர்.

லேசாகத்தான் ஆயிற்று. ஆனால் சின்ன மேடு பள்ளம் வந்தாலும் கார் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. எதிர்வீட்டுப் பூந்தொட்டிகள் இரண்டு போயின.

"ரெண்டுதானே?" என்றார் கடைக்காரர். வேறொரு ராக்கை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "இதுல பல் மேல்பக்கம் இல்லாம அடிப்பக்கம் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க."

இவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் மாட்டினார். மாட்டி முடித்தபோது முப்பதாம் தேதி விடிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, "மெதுவா இடது பக்கம் திருப்புங்க," என்றார்.

பிழைதிருத்துபவர் இடது பக்கம் திருப்பினார். கார் பணிவாக வலது பக்கம் போய் ஷெட்டுத் தூணில் முட்டி நின்றது.

"நான் இடதுன்னு சொன்னேன்."

"நானும் இடதுதான் சார் திருப்பினேன்."

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். "மறுபடி முதல்லேருந்து விண்ணப்பம் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலருகே நின்ற மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள்கள் குலுங்கியதை அவர் பார்த்தார். நாலு வருடம் காத்திருந்தவளை அழவைத்துவிட்டோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், ராக்கைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பில் போடும் பெண்மணி மட்டும் இருந்தாள். ராக்கை அவள் முன்னால் பொத்தென்று போட்டார்.

"முப்பது வருஷத்துல என் கண்ணுக்கு ஒரு பிழை தப்பினதில்லைம்மா. இங்க வாங்கின நாலு ராக்கும் தப்பு. வீட்டுல என் பொண்டாட்டி அழுதுட்டிருக்கா. அவளுக்காகவாவது சரியானதா ஒண்ணு குடுங்க."

அவள் ராக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரியான ராக் நாலு வருஷமா மேல் தட்டுலதான் சார் இருக்கு, ஆனா அதை மட்டும் உங்களுக்குக் குடுத்துடக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா வாராவாரம் போன் பண்றாங்க, வண்டி ஓடிட்டா நீங்க வீட்டுக்குள்ள வந்துடுவீங்களாமே."