ஒரு தாழ்ப்பாளும் பன்னிரண்டு அமர்வுகளும்

பொழுது இறங்கி அரைமணி ஆகியிருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸ். ஆள் நடமாட்டம் அடங்கிய நேரத்தில் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் எழுந்தது. பதிவேட்டு அறையில் ஆறுமாதக் குழந்தை டின்டுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தற்காலிக கிளார்க் நிமி, வழக்கம்போல முதலில் பயந்தாள். பயப்படுவதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள். அப்புறம்தான், மரத்தைத் துளைக்கிற சத்தம் என்று புரிந்தது. இரண்டு மாசமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த தாழ்ப்பாள் வந்துவிட்டது!

சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து பார்த்தாள். வந்தது உண்மைதான். எதிர் அறைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பதிவேட்டு அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருநாள் அவள் பால் கொடுக்கும்போது கதவு திறந்தது. மெம்பர் சந்துரு போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "இங்கதானுங்க டவர் கிடைக்குது" என்றார். டவர் தேடினாரா, படம் எடுத்தாரா? நிமி அவரிடம் கேட்கவில்லை. விடியும்வரை தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மனு எழுதினாள்: "பெண் ஊழியர் பாதுகாப்பு கருதி, தாழ்ப்பாள் ஒன்று." கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக ஆபீஸே பாராட்டியது.

செக்ரட்டரி ஜோஸ் சட்டம் தெரிந்தவர். "பாதுகாப்பில்லைன்னு எழுதியிருக்கு. காரணம் கதவோ, மனுஷனோ? கதவுன்னா தாழ்ப்பாள் போடலாம். மனுஷன்னா, அவன் பார்வை. பார்வை எதனால கெட்டுப்போகுது?"

"போன்ல வர்ற கருமத்தாலதானுங்க" என்றார் அப்புசாமி. தென்னந்தோப்புக்காரர், மூத்த மெம்பர்.

"அதுக்கு ஆதாரம் உண்டோ?"

இல்லை. எனவே, 'ஆபாசக் காணொளிகள் ஆண்கள் பெண்களை நோக்கும் பார்வையைப் பாதிக்கின்றனவா என ஆராயும் சமிதி' அமைக்கப்பட்டது. தலைவர் அப்புசாமி, ஒருங்கிணைப்பாளர் ஜோஸ், தொழில்நுட்ப நிபுணர் சந்துரு. விதிப்படி ஒரு பெண் வேண்டும், நிமியைச் சேர்த்தார்கள். பார்க்காமல் ஆராய முடியாது. பெண்ணை உட்காரவைத்துப் பார்த்தால் பெண்குலத்துக்கு இழிவு. ஆகவே ஆண்கள் பார்ப்பதென்றும், பெண் டீ கொண்டுவருவதென்றும் தீர்மானமாயிற்று. இடையில் பொதுஜனம் நுழைந்தால் சமிதியின் மானம் என்னாவது? பெண்கள் பாதுகாப்பு நிதியில், சமிதி கூடும் எதிர் அறைக்குத் தாழ்ப்பாள் வாங்கப்பட்டது.

அவ்வளவு முழு வருகையை அந்தக் கட்டடம் கண்டதில்லை. குடிநீர் சமிதி ஆள் சேராமல் மூன்று தடவை தள்ளிப்போனது. அப்புசாமி வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பார்க்கப் போவதையே விட்டுவிட்டார்.

"ஏங்கண்ணு, கெட்டுப்போச்சா இல்லியான்னு பாக்க இத்தன நாளா?" என்று கேட்டாள் ஆபீஸ் கூட்டுகிற காளியாத்தாள். "மோருன்னா ஒரு முழுங்குல தெரிஞ்சுரும்."

"அக்கா, மெதுவா. ஆராய்ச்சி நடக்குது" என்றாள் நிமி.

நாலாவது அமர்வில், அவள் டீ வைக்கக் குனிந்தபோது பேச்சு நின்றது. ஏழாவதில், டீயை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் குனிந்து வைக்கச் சொன்னார்கள். ஒன்பதாவதில் சந்துரு, "இந்தச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க" என்றார். நிமி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஆண்கள் முன்னால் தரையைப் பார்க்க வேண்டும் என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள். அந்த ஆபீஸ் தரையில் எத்தனை விரிசல் என்று கேட்டால் சரியாகச் சொல்லுவாள்.

சமிதி முடிவுக்கு வருவதற்குள் டின்டுவுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது.

பன்னிரண்டாவது அமர்வின் முடிவில் கதவைத் திறந்து அப்புசாமி கூப்பிட்டார். "அம்மிணி, இங்க வா. ஆராய்ச்சிக்கு முன்னால நாங்க உன்னையப் பாத்ததுக்கும், இப்பப் பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதா? பயப்படாமச் சொல்லு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இல்லீங்க சார்."

"எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். பார்வையில் பாதிப்பில்லை, பாதிப்பில்லாததால் பயத்துக்கு இடமில்லை, ஆகவே பதிவேட்டு அறைக்குத் தாழ்ப்பாள் தேவையில்லை. ஏகமனதான முடிவு. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, தன் மனுவுக்கு எதிராகத் தானே முத்து முத்தாகக் கையெழுத்தும் போட்டாள். ஜோஸ் பாராட்டினார். அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அறிக்கையைப் புரட்டிய ஜோஸ் திடுக்கிட்டார். "'உறுப்பினர் அனைவரும் பார்வையிட்டனரா?'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நிமி பேருக்கு நேரே காலியா இருக்கே! மேலே இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. நிமி, படம் ஓடற மெஷினை ஆஃப் பண்ணிடறோம். சும்மா ரெண்டு நிமிஷம் உள்ளே உட்கார்ந்துட்டு வந்தா போதும்."

அப்போது பார்த்து டின்டு வீறிட்டது. "பசிக்குது போல கண்ணு" என்று காளியாத்தாள் தூக்கிவந்து கொடுத்தாள். மூன்று பேரும் வெளியே வாசலில் நிற்க, நிமி குழந்தையோடு சமிதி அறைக்குள் போனாள்.

சந்துரு போனைத் தூக்கினார். "கதவு தொறந்தே இருக்கட்டுமுங்க. ஃபைலுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நிமியின் கை கதவுக்குப் போயிற்று.

"தாப்பாளப் போட்றாத அம்மிணி" என்றார் அப்புசாமி பதறி. "பொம்பள அந்த ரூமுக்குள்ள தனியாத் தாப்பாப் போட்டா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாதிப்பில்லைன்னுதான் எழுதியாச்சே. என்னத்தையுங்க நெனக்கப்போறாங்க?" என்றாள் காளியாத்தாள்.

அந்த ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக நிமி தலை நிமிர்ந்து மூன்று முகங்களையும் பார்த்தாள். அறிக்கையில் பெரிய பிழை ஒன்று விட்டுப்போயிருந்தது தெரிந்தது. என்ன செய்ய? கையெழுத்துப் போட்டாயிற்று. அடித்தல் திருத்தல் கூடாது என்றும் கான்வென்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கதவைச் சாத்தினாள். பெண்கள் பாதுகாப்பு நிதியில் வாங்கிய தாழ்ப்பாள். சமிதி அதற்கு எண்ணெய்கூட விட்டுவைத்திருந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது.