பேரம் பேசாத மனேஜர்

தயாளினியின் மூன்று வருட மானத்துக்கு அன்று காலை சுவரில் தொங்கிய பெரிய திரை போட்ட விலை ஒன்பது.

‘ஏற்கனவே இருக்கும் பொதிகள்: 204. புதிதாகக் கட்ட வேண்டியவை: 9. பிடிக்கும் நேரம்: அரை மணித்தியாலம்.’

இரண்டு தரம் வாசித்தாள். எண் மாறவில்லை. மாடிப்படியில் முதலாளி மரியரட்ணத்தாரின் செருப்புச் சத்தம் கேட்டது. கடல் கணிப்புக்கான புதிய நிரலை ஏற்றும் இந்த வேலைக்கு நேற்றுப் பின்னேரம் அவள் அவரிடம் சொன்ன நேரம் ஆறு மணித்தியாலம்.

மரியரட்ணத்தார் குருநகரில் வலையும் எஞ்சின் சாமானும் விற்று முன்னுக்கு வந்தவர். கடலில் காற்றும் அலையும் எப்படியிருக்கும் என்று கணித்து, மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வியாபாரத்தைப் பிறகு தொடங்கினார். பதினாறு பழைய கணினிகளை வாங்கி ஒன்றாகக் கோத்தார். உப்புக்காற்றுப் பட்டால் கறள் பிடிக்கும் என்று, கடலை விட்டுத் தள்ளி வட்டுக்கோட்டையில் ஒரு மாடிவீட்டில் வைத்தார். யன்னலைத் திறந்தால் வயல்தான் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளையான தயாளினிதான் கணினிகளுக்குப் பொறுப்பு. தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் கணிப்பை முதலாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். செய்தியை அவர் தன் கைத்தொலைபேசியில் இருந்து தானே அனுப்புவார். அந்தப் பெருமையை அவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வேலைக்கு வந்த புதிதிலேயே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. எந்த நேரத்தைச் சொன்னாலும் மனிதர் அறுத்துப் பேசுவார். உள்ளதைச் சொன்னால் உயிர் போகும். ஆகவே மூன்று மணித்தியால வேலையை ஆறு என்பாள். “ஆறோ? என்ன பிள்ளை, வீடே கட்டுறாய்?” என்பார் அவர். இழுபறிப்பட்டு நாலில் வந்து நிற்கும். அவருக்கு இரண்டு லாபம், அவளுக்கு ஒன்று லாபம். சந்தைக்குப் போய்வந்த திருப்தி இருவர் முகத்திலும் இருக்கும்.

இந்தச் சீரான வியாபாரத்தில் மண்ணைப் போட வந்தது பக்கேஜ் மனேஜர். பெரிய கணிப்பு நிரல் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய துணைப் பொதிகள், அந்தப் பொதிகளுக்கு வேண்டிய பொதிகள் என்று தேடிப்பிடித்துக் கட்டி அடுக்கித் தருகிற மென்பொருள் அது. இதுவரை வாய் திறக்காமல் உழைத்தது. புதிய பதிப்போ, வீட்டில் இருப்பதையே எடுத்துத் திரும்பப் பாவிக்கவும், எத்தனை பொதி, இன்னும் எவ்வளவு நேரம் என்று ஊருக்கெல்லாம் விலாவாரியாகச் சொல்லவும் படித்துக்கொண்டு வந்திருந்தது. இந்த அரை மணித்தியாலத்தை அவர் கண்டாரென்றால், பழைய நேரங்களை எல்லாம் கிளறத் தொடங்கிவிடுவார். வேலையும் போகும், பெயரும் போகும்.

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. தயாளினி அவசரமாக ஒரு கட்டளை கொடுத்தாள்: இருப்பதைத் தொடாதே, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டு.

ஒன்பது இருநூற்றுப் பதின்மூன்றாயிற்று. நேரம், நாலு மணித்தியாலம்.

“எவ்வளவு பிள்ளை?” என்றார் மரியரட்ணத்தார்.

“நாலு ஐயா. நேற்றுப் பேசினபடி.”

“மெய்தான், ரீவியிலையும் கிடக்கு!” கதிரையை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு அமர்ந்தார். “இனி எனக்கு ஆரும் நேரத்திலை பேய்க்காட்ட ஏலாது, கண்டியோ.”

அவள் மூச்சு விட்டாள். அரைவாசி மூச்சு வெளியே வருவதற்குள் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. நேரம் பதினொரு மணித்தியாலத்தில் போய் நின்றது.

“உதென்ன பிள்ளை, ஏறுது?”

“புதுப் பதிப்பிலை கட்டுற கருவியும் ஒரு பொதியாம் ஐயா. எல்லாத்தையும் புதுசாக் கட்டெண்டு சொன்னதாலை, முதல்லை அந்தக் கருவியைக் கட்டப் போகுது.”

“மேசனைப் பெத்து வளர்த்தோ வீடு கட்டப் போறான்? ஐஞ்சு மணிக்கு மெசேஜ் போகவேணும். ஐஞ்செண்டால் ஐஞ்சு! ஆறு மணித்தியாலத்திலை முடிக்கச் சொல்லு.”

“இந்த மனேஜர் பேரம் பேசாது ஐயா.”

“பேரம் பேசாத மனேஜரும் உலகத்திலை இருக்கே? வாய்விட்டுக் கேட்டுப் பார்.”

அவருக்காகச் சில பொதிகளை வேண்டாம் என்று வெட்டினாள். முன்னைய பதிப்பென்றால் முடியாது என்பதோடு நிறுத்தியிருக்கும். இது காரணமும் சொன்னது: ‘நீங்கள் கேட்டதற்கு இது வேண்டும். இதற்கு அது வேண்டும். அதை வேண்டாம் என்றவரும் நீங்களே.’

மரியரட்ணத்தார் திரையை நோக்கிக் கை நீட்டினார். “எனக்கே நியாயம் கதைக்கிறான்!”

காலையில் தவிர்த்த அந்த ஒன்பதுக்குத் திரும்பிப் போக அவள் விரல் துடித்தது. ஆனால் மனிதர் கண்ணிமைக்காமல் திரைக்கு முன்னால் இருந்தார். ஆகவே புதுப் பதிப்பின் இன்னொரு வித்தையை எடுத்தாள். கட்டும் வேலையைப் பதினாறு கணினிகளுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தாள். பதினாறும் ஒன்றாக இரைந்தன. அறை அடுப்படியாயிற்று. குளிரூட்டி ஒருமுறை முனகியது. ‘டக்’ என்றொரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“யேசுவே!” என்றார் மரியரட்ணத்தார்.

மின்காரரைப் பிடித்துக் கொண்டுவந்து கரண்ட் திரும்ப வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. யன்னல்களைத் திறந்து, இரண்டு மேசைக் காற்றாடிகளை வைத்தார்கள். வயல்தூசி தாராளமாக உள்ளே வந்தது. அத்தோடு திரையில் இன்னொரு வரியும் வந்தது: ‘சேமிக்க இடம் போதாது. யாரும் கேட்காத பொதிகளை அகற்றவா?’

யாரும் கேட்காதது எதற்கு என்று நினைத்து, ஓம் என்றாள்.

கலியாண வீட்டில் அழைப்பு ஒருவருக்குத்தான் போகும். அவரோடு மனைவி, பிள்ளைகள், மச்சான், மச்சானின் சிநேகிதன் எல்லோரும் வந்து பந்தியில் இருப்பார்கள். அழைப்புக் கிடைத்தவரைக் கிளம்பச் சொன்னால் மற்றவர்களும் இலையை மூடிவிட்டு எழும்புவார்கள். புதிய நிரலைக் கேட்கும்போதே அவள் பழைய நிரலின் பெயரை அழைப்பில் இருந்து வெட்டியிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று, அதோடு வந்த இருநூற்று நாலும் போயிற்று. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணிப்பு நிரல் அடியோடு இல்லை.

தயாளினி திரையில் மேலும் கீழும் தேடினாள். திரும்பிப்போக இனி வழியில்லை. கட்டி முடிய இரண்டு மணித்தியாலம், கணிக்க ஒரு மணித்தியாலம் என்றது திரை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணியாகிக்கொண்டிருந்தது. கரையில் படகுகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் இருட்டும் கடலைப் பார்த்து நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

“ஐயா,” என்றாள். “காலமை அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிருக்கும்.”

“என்ன?”

“நான்தான் விடேல்லை. நீங்கள் அறுத்துப் பேசுவியளெண்டு நான் எப்பவும் மூண்டு மணித்தியாலம் கூட்டித்தான் சொல்லுறனான். அது வெளிக்கப் போகுதெண்ட பயத்திலை எல்லாத்தையும் குழப்பிப் போட்டன்.”

மரியரட்ணத்தார் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “வேலைக்கு வந்த நாளிலையிருந்தோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப நான் உன்னட்டைக் குறைச்சதெல்லாம்?”

“கூட்டினதிலைதான் குறைச்சியள்.”

“கடவுளே! பேரத்திலை வெண்டிட்டன் எண்டு வீட்டை போய் மனிசிக்குச் சொல்லிச் சிரிக்கிறனானே!” நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். “சாமானிலை விலையைக் கூட்டு, அது வியாபாரம். நேரத்திலை பொய் சொல்லலாமோ? கடலுக்குப் போற சனத்தின்ரை நேரமடி அது! ஐஞ்செண்டால் ஐஞ்செண்டு என்ரை வாயை நம்பிக்கொண்டு அந்தச் சனம் கரையிலை நிக்குது! நாளைக்கு நீ இஞ்சை வரத் தேவையில்லை!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்தாள்.

“ஆருக்கு எடுக்கிறாய்?”

“யாகப்பு அண்ணைக்கு. படகுக்காரருக்கு அவர்தானே தலைவர். பார்த்துக்கொண்டு நிப்பினம், பாவங்கள்.”

மரியரட்ணத்தாரின் கோபம் பாதியில் நின்றது. “வை, வை! நான் சொல்லுறன், பிறகு ஆறுதலாச் சொல்லுவம். பிள்ளை, போனை இஞ்சை தா!”

அவர் கதிரையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் மறுபக்கத்தில் எடுத்துவிட்டார்கள். பதற்றத்தில் அவள் விரல் ஒலிபெருக்கியிலும் பட்டது.

“அண்ணை, மன்னிக்கவேணும். இண்டைக்கு ஐஞ்சு மணி மெசேஜ் எட்டு மணிக்குத்தான் வரும். பிழை முழுக்க என்ரைதான். மூண்டு மணித்தியாலத்தைப் பொய்யாக் கூட்டிச் சொன்னதாலை வந்த வினை.”

மறுபக்கத்தில் ஒரு நீண்ட கொட்டாவி கேட்டது. நித்திரையால் எழும்பிய குரலில் யாகப்பு சொன்னார்:

“ஐஞ்சோ? எங்களுக்கு எண்டைக்கும் எட்டு மணிக்குத்தானே தங்கச்சி மெசேஜ் வாறது, அதைப் பார்த்துத்தான் இறங்கிறனாங்கள். நீ கூட்டினது மூண்டு, எட்டை ஐஞ்செண்டு உன்னட்டை உன்ரை முதலாளி குறைச்சதும் மூண்டு, கணக்குச் சரி.”