ஏழு டேக் மழை

“யோவ், காமிராவைப் பார்க்காதய்யா!”

உதவி டைரக்டர் வேதகிரி கத்தியதும் மழை நின்றது. கதாநாயகி குடைக்குள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் களை பறிப்பதுபோல நடிக்க நிறுத்தியிருந்த இருசப்பன் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நனைந்து நின்றான்.

உத்திரமேரூர்ப் பக்கம் உருப்படியாக நிஜ மழை பெய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏரியில் ஆடு மேய்கிறது. இருசப்பனின் பத்து சென்ட் நெல் இன்னும் ஒரு தண்ணீர் கண்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான். காலனிக் கிணற்றில் மட்டும் குடிப்பதற்குத் தண்ணீர் கிடந்தது. போன வாரம் அதில் நாலு குடம் கேட்டுப் பார்த்தான். குடிக்கிற தண்ணீரைப் பயிருக்குத் தொடக்கூடாது என்று காலனியே கூடி முடிவு சொல்லிவிட்டது. முதலில் கை தூக்கியவள் அவன் சம்சாரம் அம்முலு.

அந்த நேரம் பார்த்துத்தான் மழைப்பாட்டு எடுக்க மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வீராசாமி தன் கரும்புத் தோட்டத்தை விட்டுவிட்டு இருசப்பன் நிலத்தைக் காட்டினார். ஆட்டம் வரப்பில், மழை பயிரில். இருசப்பன் கும்பிட்டுச் சம்மதித்தான்.

ஸ்லோ மோஷன் பாட்டாம். பாட்டை இரட்டை வேகத்தில் போட்டு, காமிராவையும் இரட்டை வேகத்தில் ஓட்டினால், திரையில் வாயசைப்பு சரியாக இருக்குமாம், கூந்தல் மட்டும் நிதானமாகப் பறக்குமாம். துளி தெரிவதற்கு மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வேறு அடிக்க வேண்டுமாம். ஒரு பெண் நனைவதற்கு இத்தனை மூளை செலவழிக்கிற நாட்டில், ஒரு பயிர் நனைவதற்கு யாரும் மூளையைத் தொடுவதில்லை.

முதல் தடவை அவன் காமிராவைப் பார்த்தது தெரியாமல்தான். ஆனால் கால்விரல் நடுவே சேறு பிதுங்கியபோது அவனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. டேக்குக்கு ஒரு லாரி தண்ணீர்!

காலியாகிப் போன லாரி பத்தே நிமிஷத்தில் நிறைந்து வந்தது. சினிமாக்காரன் சாமர்த்தியமே தனி என்று வியந்தான் இருசப்பன். குழாய்கள் பொழிந்தன. கீச்சுக் குரலில் பாட்டு ஓடியது. இருசப்பன் காமிராவைப் பார்த்தான்.

“கட்! இன்னாய்யா கீது அதுல?”

“கண்ணு தானா போவுது சார்.”

முதுகைக் காட்டி நிறுத்தினார்கள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். மூன்று லாரி.

தலையில் கோணியைக் கவிழ்த்தார்கள். கண் தெரியாமல் போய்க் கதாநாயகிமேல் மோதினான். நான்கு.

“நீ நடிச்சது போதும்பா, தூரப் போய் உக்காரு!” என்றார் வேதகிரி.

அவனை விலக்கினார்களே தவிர, அதற்குள் வரப்பு களியாகியிருந்தது. கதாநாயகி சறுக்கி விழுந்தாள். ஐந்து. சறுக்காமல் இருக்க வைக்கோல் பரப்பினார்கள். வைக்கோலைத் தின்ன ஒரு மாடு வந்து பாட்டுக்கு நடுவே நின்றது. அதை அவிழ்த்துவிட்டது யார் என்று இருசப்பனைக் கேட்காதீர்கள். ஆறு.

ஏழாவது மழை செம்மண் நிறத்தில் பெய்தது. “எஃபெக்ட் பிரமாதம்!” என்றார் காமிராக்காரர். டேக் ஓகே ஆனது.

ஷூட்டிங் பார்க்கக் காலனியே காலையிலிருந்து எதிர் வரப்பில் நின்றது. சாயங்காலம் எல்லோரும் கலைந்துபோனார்கள். கணுக்கால் தண்ணீரில் நெல் நிமிர்ந்து நின்றது. பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டு வந்தவன்போல இருசப்பனுக்குக் கண் கலங்கியது.

வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போயிருந்த அம்முலு அப்போதுதான் வந்தாள், இடுப்பில் காலிக் குடத்தோடு.

“பாத்தியாடி! பயிரு பொழைச்சிக்கிச்சி!”

அவள் பயிரைப் பார்க்கவில்லை.

“நம்ம கெணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. அல்லாரும் வேடிக்க பாக்கப் போன நேரமாப் பாத்து, தலைவரு அங்க லாரிய வுட்டு உறிஞ்சிட்டாராம்.”

இருசப்பன் தண்ணீரிலிருந்து காலை எடுத்து வரப்பில் ஏறினான்.

“ஒரே லாரியோட முடிய வேண்டியதாம்யா, எவனோ காமிராவையே பாத்துக்கினு இருந்ததால ஏழு லாரி ஆயிடுச்சின்னு டிரைவரு சொல்றான். யார்யா அந்தக் கட்டையில போறவன்?”