கிளிப்போர்டோடு நடிப்பு கற்றது

பட்டியல் போடாமல் என்னால் அழக்கூட முடியாது. லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் சோதனைப் பொறியாளர் வேலை. கயிறு, கதவு, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட வேண்டும். அந்தப் புத்தியோடு நடிப்பு கற்கப் போனேன்.

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் வகுப்பு. ஆசிரியை ஜெசிந்தா பாண்டுப்பிலிருந்து வருவாள், என் வயதுதான். எதையும் நடித்துக் காட்ட மாட்டாள். காட்டினால் பன்னிரண்டு பேரும் அவளையே நடிப்போம் என்பது அவள் கட்சி. வேலை மட்டும் கொடுப்பாள். ஆண்டு விழா நாடகத்தில் இட்லி விற்கும் பெண் வேடம் ஒன்று இருந்தது. அது எனக்கு வேண்டும். (கிடைத்துவிட்டதாகவே எங்கள் செம்பூரில் பாதிப் பேருக்குச் சொல்லியாயிற்று.) நிஜமாக இட்லி விற்கும் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வா, பேப்பர் பேனா வேண்டாம், உடம்பால் பார், அவளாகவே வந்து நில் என்றாள் ஜெசிந்தா.

உடம்பால் பார்ப்பது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அடுத்த ஞாயிறு காலை ஆபீஸ் கிளிப்போர்டோடு தாராவிக்குப் போனேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. (பழக்கம். சில நாள் வீட்டில் சாப்பிடும்போதும் தொங்கும்.) சந்து முனையில் ஓர் அக்கா (பெயர் முத்துலட்சுமி என்று பிறகு தெரிந்தது) இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எதிரே நின்று எழுதினேன். ஒன்று, வலது தோள் சற்றுத் தாழ்வு. இரண்டு, பேசும்போதும் கரண்டி நிற்பதில்லை.

குடிசைகளை இடித்து மாற்று வீடு கொடுக்க வீடு வீடாகக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்று காத்திருக்கும் இடத்தில், அட்டையும் கிளிப்போர்டுமாக ஒருத்தி வந்து நின்றால் என்ன அர்த்தம்? எனக்கு உறைக்கவில்லை.

"மேடம், மாடியையும் சேத்து எழுதிக்கோங்க. எம்மவன் குடும்பம் மேலதான் இருக்கு" என்றார் அக்கா.

நாற்காலி வந்தது. டீ வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வந்தன. நான் அதற்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு, 'மாடி: ஒன்று' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் எல்லோரும் நம்பிய ஒரே நடிப்பு அதுதான்.

அக்காவின் மகன் குனிந்து என் அட்டையைப் படித்தான். அந்தச் சந்தில் மாடிக்குப் போக இரும்பு ஏணிதான். "இங்க லிஃப்டா?" என்றான். உண்மையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"ஏட்டி, மாடிய எழுதாம வுட்டா இவன் பிள்ளைகளோட தெருவுல நிப்பான். அதுலயா வெளையாடுத?"

மன்னிப்புக் கேட்டேன். நடிப்பு வகுப்பு என்பதை அவர் நம்பவில்லை. இப்படிச் சொல்லிக்கொடுக்கிறவளைப் பார்த்தே தீர வேண்டும் என்று கடையை மருமகளிடம் விட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து மாட்டுங்காவுக்கு நடத்தியே கூட்டிப்போனார்.

ஜெசிந்தா முழுக்கக் கேட்டாள். முதலில் அக்காவிடம் தானும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "இவ அங்க நின்னு என்னதான் பண்ணா?" என்றாள்.

"சொல்லணுமாக்கும்? இந்தா பாரு."

அக்கா மேசையிலிருந்த ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்தார். கழுத்து முன்னே நீண்டது. ஆளைக் காலிலிருந்து தலைவரை லிஃப்ட் மாதிரி ஏறிப் பார்த்தார், ஒரு டிக் போட்டார். மாடி என்றதும் வாய் திறந்தது, மூடியது, தலை மட்டும் ஆடியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. என் பயம் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேடம் அக்காவுக்குப் போனது. எனக்குத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. பின்னால் நிஜக் கணக்கெடுப்பு வந்தபோது, படிவத்தை வரி வரியாகச் சரிபார்க்க அக்கா என்னைத்தான் பக்கத்தில் உட்காரவைத்தார். மாடி பட்டியலில் ஏறிவிட்டது.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் சுபாவம் எப்படி என்று கேட்டார்கள். அம்மா முத்துலட்சுமி அக்காவுக்கு போன் போட்டு வரச்சொன்னாள். அக்கா வந்து என்னை நடித்துக் காட்டினார். கல்யாணம் நிச்சயமானது. புதிதாக விருந்தாளி யார் வந்தாலும், "இவ எப்படின்னு நான் சொல்றதவிட அந்தம்மா வந்து காட்டட்டும்" என்கிறார் என் மாமியார்.