நாலாவது ஷிஃப்ட்

கொளஞ்சியப்பன் கொடுக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். ஸ்பீக்கர் விலை.

நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் படுத்தால், ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் சடையப்பன் மகள் பவித்ரா கூட்டாளிகளோடு பாடிக்கொண்டிருப்பாள். இவர் தினமும் சுவரைத் தட்டுவார். அன்றைக்குக் கை வலித்ததால் செங்கல்லால் தட்டினார். அந்தப் பக்கத்து அலமாரி பெயர்ந்து ஸ்பீக்கர் மேலேயே விழுந்தது.

"காசு வேணாம் அங்கிள். பொங்கல் விழாவுல நீங்கதான் எங்க பேண்டை அறிமுகம் பண்ணணும். கடன் கழிஞ்சிடும்."

"பேண்டு பேரு இன்னா பாப்பா?"

"நாலாவது ஷிஃப்ட்."

"மைன்ஸ்ல மூணுதானே?"

பவித்ரா சிரித்தபடி ஒரு தாளை நீட்டினாள்.

கொளஞ்சியப்பன் நாற்பதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். பஸ் போர்டு படிப்பார். படித்து முடிக்கும்வரை பஸ் நிற்காது. தாளின் முதல் வரியைக் கூட்டுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் வைத்தார். சட்டையை மனைவி அன்புக்கரசி ஊறப்போட்டாள்.

"கூழாயிடுச்சேடி!"

"அதுக்கு இன்னாத்துக்குப் பொலம்பிக்கினு இருக்க? மொதல்ல குத்துப்பாட்டு பாடிக்கினு இருந்த புள்ளைங்க, ரெண்டு வருசமா அழுவாத கொறையா பாடுதுங்க. காதல் தோல்வியாத்தான் இருக்கும். அதச் சொல்லிட்டு எறங்கு."

விழா மைதானம் நிறைந்திருந்தது. கொளஞ்சியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் புள்ளைங்க சோகமா பாடுதுன்னா, அது காதல் தோல்விங்க..."

முன்வரிசையில் சடையப்பன் எழுந்தார். "யோவ் கொளஞ்சி! என் பொண்ணுக்குக் காதலா? எவன்யா அவன்?"

"காதல் இல்லீங்க. வேலதான். பர்மனென்ட் ஆவாத ஏக்கம்."

கிடார் வாசிக்கும் பிரவின்குமாரின் அம்மா காந்திமதி எழுந்தாள். "எம்புள்ள இன்னும் காலேஜே முடிக்கல! அதுக்குள்ள வேல கெடைக்காதுன்னு வாய வைக்கிறியா?"

"வேலயும் இல்லீங்க. வூட்டுல சோறு சரியில்லயோ இன்னாவோ..."

மைதானமே சிரித்தது. காந்திமதி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைத் தேடினாள்.

"பாப்பா, ஆயிரத்து எண்ணூத்தம்பதையும் தவணையில குடுத்துடறேன். என்ன எறக்கி வுட்டுடு" என்று கெஞ்சினார் கொளஞ்சியப்பன். அதுவும் மைக்கில்தான் கேட்டது.

பவித்ரா மைக்கை வாங்கினாள்.

"தாளைப் படிக்கவே இல்லயா அங்கிள்? எங்களுக்கு ஒரு சோகமும் இல்ல. நீங்க சுவத்தத் தட்டத் தட்ட, சத்தத்தக் கொறச்சிக் கொறச்சிப் பாடித்தான் இந்தப் பாட்டெல்லாம் வந்துச்சி; நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நீங்க தூங்கறீங்களே, அதுதான் நாலாவது ஷிஃப்ட், கடன்பட்டது நாங்கதான்!"