பெஞ்சமின் சாரின் ஒயரிங்

"ஏனுங்க சார், எந்த ஒயரு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான் மைக்செட் இளங்கோ.

"தெரிஞ்சா நான் ஏம்ப்பா இதக் கட்டிட்டு அழறேன்?"

பெஞ்சமின் முன்னால் எலக்ட்ரிக் கிட்டார் மூடி கழன்று கிடந்தது. கொல்லிமலைத் தோட்டக்கலை ஆபீஸில் அவர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார்காரர். கம்பியின் அதிர்வைப் பிடித்து மைக்செட் பெட்டிக்கு அனுப்புகிற பிக்கப்புகளுக்கும், அவற்றை மாற்றுகிற சுவிட்சுக்கும் தன் யோசனைப்படி தானே ஒயரிங் போட்டிருந்தார். பெருமை என்றால் அப்படியொரு பெருமை! "கம்பெனிக்காரனுக்கே இந்தச் சத்தம் வராது" என்பார். அதற்கு 'ஆமென்' சொன்ன ஒரே ஆள் அவர் மனைவி பிரிசில்லா.

அவள் இறந்து நாளையோடு ஒரு வருஷம். அவள் போனதிலிருந்து கிட்டாரும் கெட்டுவிட்டது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். நாளை நினைவுக் கூட்டத்தில், அவளுக்குப் பிடித்த பாட்டை அந்தப் பழைய சத்தத்தில் வாசித்துவிட வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை.

முதலில் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி ஒட்டினார். ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பாடுகிற மாதிரி ஆயிற்று.

"எர்த்து ஒயரா இருக்குமுங்க சார்."

எடுத்துப் பார்த்தார்கள். குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஒரே இரைச்சல். அத்தோடு விட்டார்களா? வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகச் சுவிட்சையும் கழற்றி, எல்லா ஒயரையும் புதிதாக ஈயம் வைத்து ஒட்டினார்கள்.

சுவிட்சை மேலே தள்ளினால் ஊமை. நடுவில் குளவி. கீழே தள்ளினால் ரேடியோ! மிளகுக்கொடி வாடினால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று கிட்டாருக்குள்ளிருந்து யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க டிபார்ட்மெண்டு ஆளுதானுங்க பேசறாரு!"

பெஞ்சமின் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

"பிரிசி இருந்தா எது கெட்டுச்சுன்னு சொல்லியிருப்பா. ஒரே ஒரு பாட்டு இளங்கோ... அதக்கூட அவளுக்கு உருப்படியா வாசிக்கத் துப்பில்லாமப் போயிட்டேனே!"

இளங்கோ கிட்டார் ஒயரைப் பிடுங்கி ரேடியோவை நிறுத்தினான். மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த தன் மனைவி பூங்குழலியைப் பார்த்தான். சர்ச்சில் மைக்செட் பெட்டியருகே உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள்தான். அவள் ஒயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அழுகாதீங்க சார். அந்த ஒயரிங்கு ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. அது அன்னைக்கும் இப்படித்தானுங்க கத்தும்."

"என்னம்மா சொல்றே? அப்ப அந்தச் சத்தம்?"

"சொல்லக்கூடாதுன்னு பிரிசில்லாம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. நீங்க வாசிக்கறப்ப அவங்க உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு, அது மலர்ற வரைக்கும் எனக்கு வெரல்ல சாடை காட்டுவாங்க, நானும் பெட்டியில திருகிக்கிட்டே இருப்பனுங்க. நான் உக்கார்ற எடத்துல இருந்து பாத்தா உங்க முதுகு மட்டுந்தானுங்களே சார் தெரியும்."